நல்லமுத்துவின் ரத்தம்

"கிருமி வளரவில்லை" என்று ஒரு லேப் ரிப்போர்ட் போனால் யாராவது சண்டைக்கு வருவார்களா? மங்கையர்க்கரசியிடம் வந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமை டாக்டர் வடிவேலன் லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திராமல் படியேறி, மூச்சிரைக்க உள்ளே நுழைந்து, மூன்று ரிப்போர்ட்டுகளை அவள் மேஜைமேல் வீசினார்.

"என்ன மேடம் இது? மூணு பேரும் பிரசவமான பொண்ணுங்க. மூணு பேருக்கும் உடம்பு அனலாக் கொதிக்குது, பிரஷர் எறங்கிட்டே போகுது. நீங்க கிருமியே இல்லைன்னு எழுதி அனுப்பறீங்க. அப்ப எதுனால சாகறாங்க? என் கைராசியினாலயா?"

மங்கை ரிப்போர்ட்டுகளைப் பார்த்தாள். கையெழுத்து அவளுடையதுதான். காலையில் கிருமி வளர்க்கிற தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும் அவள்தான். மூன்றிலும் ஒன்றும் முளைத்திருக்கவில்லை. அதிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. தட்டு சுத்தமாக இருந்ததைப் பார்த்ததும் மனசு லேசாகிப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. சுத்தமான தட்டைப் பார்த்து அவளுக்கு எத்தனை காலமாயிற்று!

இது நடக்கிற காலம் நம்மிடமிருந்து ரொம்பத் தூரமில்லை. இடம் ஈரோட்டுப் பக்கம் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று சொல்வதுதான் நுண்ணுயிரியல் டாக்டரான மங்கையின் உத்தியோகம். படித்து முடித்து வேலைக்கு வந்த புதிதில் நாலு மருந்தாவது கேட்டது. பிறகு இரண்டு, பிறகு ஒன்று. இப்போது "எதுவும் கேட்காது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். பிரசவித்த பெண்களைப் பிடிக்கும் ஸ்ட்ரெப் கிருமி, தாத்தா காலத்தில் சாதாரண பென்சிலினுக்கே செத்துச் சுருண்டது, இப்போது மருந்தலமாரி முழுவதையும் கரைத்து ஊற்றினாலும் அசைவதில்லை.

அந்த மூன்று பெண்களில் ஒருத்தி சௌம்யா. மங்கையின் லேபில் தட்டு தயாரிக்கும் தேவகியின் ஒரே மகள்.

மங்கை நேரே தேவகியிடம் போனாள். தேவகி கண் வீங்கிப்போய், ஒரு கையில் கண்ணாடிக் குடுவையும் இன்னொரு கையில் முந்தானையுமாக நின்றிருந்தாள். மகள் மேலே படுத்திருக்கும்போதும் லீவு போடவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சொல்லிவிட்டாள்.

"தேவகி, இந்த வாரம் பிளேட்டுக்கு என்ன ரத்தம் ஊத்துனீங்க?"

ஸ்ட்ரெப்புக்குத் தட்டில் ஊற்றுகிற வெறும் கூழ் போதாது. ரத்தம் கலந்து ஊற்றிய தட்டில்தான் வளரும். அதற்கென்று ஆட்டு ரத்தம் பண்ணையிலிருந்து வரும். தேவகி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பண்ணையில கோமாரி வந்துருச்சுன்னு ஆட்டு ரத்தம் வரலீங்க மேடம். ரத்த வங்கியில தேதி முடிஞ்ச பை ஒண்ணு கெடந்துச்சு. அத வாங்கி ஊத்திட்டேன்."

"மனுஷ ரத்தமா? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! அதுல என்ன கலந்திருக்கும், குடுத்தவன் என்ன மருந்து சாப்பிட்டிருப்பான், எதுவுமே தெரியாதே. உங்களுக்குத் தெரியாத சங்கதியா இது?"

"தெரியுமுங்க. பிளேட் இல்லைன்னா சாம்பிளத் திருப்பி அனுப்போணும். சாம்பிள்ல எம்புள்ளையோடதும் இருந்துச்சு." தேவகி குடுவையை மேஜைமேல் வைத்தாள். "திருப்பி அனுப்பக் கை வரலீங்க மேடம்."

இதற்குமேல் எப்படித் திட்டுவது? மங்கை தன் மேஜைக்குத் திரும்பினாள். கம்பெனியில் விலைக்கு விற்கிற தட்டு கொஞ்சம் அன்றைக்கே வரவழைத்தாள். அதில் அதே சாம்பிள்களைத் தொட்டுக் கோடு கோடாக இழுத்து வைத்தாள். மறுநாள் பார்த்தால் ஸ்ட்ரெப் கொழுகொழுவென்று தட்டு நிறைய வளர்ந்திருந்தது. சரி, தேவகி ஊற்றிய தட்டு கெட்டுப்போனது என்று தூக்கிப் போட வேண்டியதுதானே? அங்கேதான் அவளுக்குத் தலை சுற்றியது. அந்தத் தட்டில் வேறு கிருமிகளை இழுத்தால் தாராளமாக வளர்ந்தன. ஸ்ட்ரெப்பை மட்டும், எந்த நோயாளியின் ஸ்ட்ரெப்பாக இருந்தாலும், அந்தத் தட்டு விட மாட்டேன் என்றது. கெட்டுப்போன தட்டுக்கு ஆள் பார்த்து வேலை செய்யத் தெரியுமா என்ன?

"சிம்பிள் மேடம்," என்றார் வடிவேலன். "ரத்தம் குடுத்தவன் ஏதோ ஆன்டிபயாட்டிக் போட்டிருப்பான். அது ரத்தத்துல தங்கியிருக்கும்."

"எந்த ஆன்டிபயாட்டிக் சார்? இந்த ஸ்ட்ரெப்பக் கொல்ற மாத்திரை ஒண்ணு இருக்குன்னா பேரச் சொல்லுங்க, நானே கடைக்கு ஓடிப் போய் வாங்கிட்டு வரேன்."

வடிவேலன் அந்தக் காலிப் பையைக் கொண்டுவரச் சொன்னார்.

பையில் ஒட்டியிருந்த எண்ணை வைத்து ரத்த வங்கியில் ஆளைக் கண்டுபிடித்தார்கள். நல்லமுத்து. பவானி ரோட்டில் ஒரு சாயப்பட்டறையில் துணி முக்குகிறவர். ஏதோ ஒரு முகாமில் ரத்தம் கொடுத்தால் ஜூஸும் பிஸ்கட்டும் தருகிறார்கள் என்று கூட்டத்தோடு போய்ப் படுத்தவர். போனில் கூப்பிட்டதும் பழைய டிவிஎஸ் ஐம்பதில் வந்து இறங்கினார். ஐம்பது வயது தாண்டிய ஒடிசலான மனிதர். இரண்டு கையும் முழங்கை வரை நீலம். நர்ஸ் ஒருத்தி விஷம் ஏறிவிட்டது என்று பதறி ஸ்ட்ரெச்சரே கொண்டுவந்துவிட்டாள்.

"அட, சாயமுங்க அம்மிணி. கழுவுனாப் போகாது. இந்த வாரம் நீலம், போன வாரம் செவப்பு," என்று சிரித்தார்.

அவர் வந்து சேர்வதற்குள் மூன்று பெண்களில் இரண்டு பேர் போய்விட்டார்கள். சௌம்யா மட்டும் மிச்சம். அவளுக்குக் கொடுக்காத மருந்தில்லை, எல்லாவற்றையும் நிறுத்தியாகிவிட்டது. வென்டிலேட்டருக்குள் அவள் கிடக்க, பிறந்த குழந்தை நர்சரியில் புட்டிப்பால் குடித்துக்கொண்டிருந்தது.

மங்கை நல்லமுத்துவிடம் கொஞ்சம் ரத்தம் எடுத்துத் தட்டில் ஊற்றி ஸ்ட்ரெப்பை இழுத்தாள். சுத்தம். அவரோடு வேலை செய்கிறவர்களையும் வரச்சொல்லிச் சோதித்தாள். அவர்கள் ரத்தத்தில் ஸ்ட்ரெப் ஜம்மென்று வளர்ந்தது. ஆக, தண்ணீரிலும் இல்லை, சாயத்திலும் இல்லை. இந்த ஒரே மனிதரிடம் எதுவோ இருக்கிறது. என்ன அது? அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவகாசமும் இல்லை. சௌம்யாவும் அவரும் ஒரே ரத்தப் பிரிவு. வழக்கமாகச் செய்கிற சோதனைகளில் கோளாறு ஒன்றும் இல்லை. ஏற்றிவிடலாம் என்றார் வடிவேலன்.

"ஒரு பை குடுங்கண்ணா," என்று மங்கை கேட்டாள்.

"எடுத்துக்கங்க டாக்டரம்மா. எனக்கென்ன, நாலு நாளுல ஊறிக்கும்," என்றார் நல்லமுத்து. காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார். எதற்கு, ஏன், இன்னும் எத்தனை என்று அவர் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

மறுநாளே சௌம்யாவின் ஜுரம் இறங்கியது. அதற்கடுத்த நாள் பிரஷர் ஏறியது. குழாயைப் பிடுங்கியதும் அவள் முதலில் கேட்டது தண்ணீர், அடுத்தது பாப்பா. தேவகி ஓடிவந்து, வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்த நல்லமுத்துவின் காலில் விழப்போனாள். அவர் டீயைக் கையில் கொட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"அய்யோ, எந்திரிங்க தாயி, எந்திரிங்க! நாம் பெத்த புள்ளையா இருந்தாக் குடுக்க மாட்டனா? அம்மிணி கஞ்சி கிஞ்சி குடிச்சுதா?"

இதுவரைக்கும் எல்லாம் சுபம். வினை ஒரு பாட்டிலில் வந்தது.

நல்லமுத்துவிடம் எடுத்த ரத்தத்தில் கொஞ்சத்தைக் கிருமி பார்ப்பதற்காக மங்கை தனியே ஒரு பாட்டிலில் வைத்திருந்தாள். யார் ரத்தத்தையும் அப்படி வைப்பது அவள் வழக்கம். சௌம்யா எழுந்து உட்கார்ந்த பிறகு ஒரு நாள், பாட்டிலை வைத்திருந்த மெஷின் அலறியது. பாட்டிலில் கிருமி! எடுத்துப் பார்த்தால், யாரும் பார்த்திராத ஜாதி. ஆரஞ்சு நிறம், சோம்பேறி வளர்ச்சி. ஒரு தடவை தட்டுக்கு மாற்றினால் மெல்ல வளர்ந்தது, மறுபடி மாற்றினால் வரவே இல்லை. உடம்புக்கு வெளியே அதற்குப் பிழைக்கத் தெரியவில்லை.

வடிவேலனுக்கு வியர்த்துவிட்டது. "கிருமி இருக்கற ரத்தத்தையா ஏத்தியிருக்கோம்? வெளிய தெரிஞ்சா நாம ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்துக்க வேண்டியதுதான்."

"இருங்க சார். எந்த மருந்துக்குக் கேக்குதுன்னு பாத்துடறேன்," என்றாள் மங்கை. பாட்டிலில் மிச்சம் இருந்ததை நேரே இன்னொரு தட்டில் பரப்பி, ஸ்டிக்கர் பொட்டு அளவுக் காகித வில்லைகளை மேலே வைத்தாள். ஒவ்வொரு வில்லையிலும் ஒவ்வொரு மருந்து நனைத்திருக்கும். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, வெற்று வட்டம் விழும். அந்த வட்டத்தை லேபில் யாரும் பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

தட்டை வெளியே எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு வில்லை பாக்கியில்லாமல் வட்டம்! அகல அகலமான, பளிச்சென்ற வட்டம். பென்சிலினுக்குச் சாகிறது. கடையில் ஜலதோஷத்துக்கு விற்கிற மாத்திரைக்கும் சாகிறது. மங்கைக்குக் கண்ணே கலங்கிவிட்டது. செல்போனில் படம் எடுத்தாள். லேப் முழுக்க வந்து எட்டிப் பார்த்தது. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷமான பெண் ஒருத்தி, "மேடம், புத்தகத்துல போட்டிருக்கற மாதிரியே இருக்குது," என்றாள்.

வடிவேலன் தட்டை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். "எத்தனை வருஷமாச்சு மேடம், நம்ம மருந்துக்கு ஒரு கிருமி செத்து!" அவர் குரலே மாறிப்போயிருந்தது. "அந்த மனுஷனை அட்மிட் பண்ணுங்க. டிரிப் போட்டுச் சுத்தம் பண்ணிடலாம். அப்பறம் எத்தனை பேருக்கு வேணும்னாலும் தைரியமா ஏத்தலாம். அந்தப் பொண்ணுக்கும் அதே டிரிப்பைப் போடுங்க."

"சௌம்யாவத் தொடாதீங்க சார். சாவுகிட்டப் போய்ட்டு வந்தவ. இப்பத்தான் எந்திரிச்சு நடக்கறா. புதுசா எந்த மருந்தும் வேண்டாம்."

"சரி. அப்ப அவருக்கு?"

"அவருக்குப் போடலாம்," என்றாள் மங்கை.

இதைப் பிறகு அவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டாள். சௌம்யாவுக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு, அடுத்த மூச்சில் அவருக்குப் போடலாம் என்று எப்படி வந்தது? அவரும் நடந்துகொண்டுதானே இருந்தார்? ஜுரமில்லை, வலியில்லை, ஒன்றுமில்லை. பட்டறை வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு ஒண்ணும் பண்ணலீங்களே டாக்டரம்மா?"

"உங்க ரத்தத்துல ஒரு கிருமி இருக்குதுங்கண்ணா. அதச் சுத்தம் பண்ணிட்டா இன்னும் நாலு உசுரக் காப்பாத்தலாம்."

"நாலு பேருக்கு ஆகுமுன்னா பண்ணுங்க," என்று நீலக் கையை நீட்டினார்.

வார்டில் படுக்கப் போட்டு டிரிப் ஏற்றினார்கள். அவர் மனைவி பாவாயி வீட்டிலிருந்து தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்தாள். நல்லா இருக்கிற மனுஷனுக்கு எதுக்குங்க மருந்து என்று போகிற வருகிற நர்சுகளையெல்லாம் கேட்டாள். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். இதற்கிடையில் சௌம்யா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். போகிற வழியில் அவர் கட்டிலருகே வந்து குழந்தையைக் காட்டினாள். கையில் சாயம் ஒட்டிவிடும் என்று அவர் குழந்தையைத் தொடவில்லை.

டிரிப் முடிந்தது. சோதித்துப் பார்த்தார்கள், ரத்தம் துளிக்கூடக் கிருமியில்லாமல் பரிசுத்தம். அந்த வாரம் அந்தியூரிலிருந்து ஒரு பெண் அதே ஸ்ட்ரெப்போடு வந்தாள். நல்லமுத்துவிடம் ஒரு பை எடுத்து ஏற்றினார்கள். காத்திருந்தார்கள். ஜுரம் இறங்கவில்லை. பெண் இறந்துபோனாள்.

மங்கைக்கு நம்ப முடியவில்லை. நல்லமுத்துவின் புது ரத்தத்தைத் தட்டில் ஊற்றி ஸ்ட்ரெப்பை இழுத்தாள். தட்டு நிறைய வளர்ந்தது! ஆளை மாற்றி எடுத்துவிட்டோமா என்று மறுபடி எடுத்தாள். மறுபடி வளர்ந்தது. அதே ஆள், அதே நரம்பு, ஆனால் வேறு யாருடைய ரத்தமோ மாதிரி இருந்தது. எதில் தப்பு? தட்டிலா, பையிலா, தன் புத்தியிலா?

ஃபிரிட்ஜில் சௌம்யாவின் ரத்தம் கொஞ்சம் இருந்தது. வீட்டுக்குப் போகிற அன்று காலை வேறு ஏதோ டெஸ்ட்டுக்காக எடுத்த மிச்சம். எதற்கென்று அவளுக்கே தெரியாமல் அதைத் தட்டில் ஊற்றி இழுத்தாள். சுத்தம்! ஒரு புள்ளிகூட வளரவில்லை. அப்புறம் வடிவேலனைக் கூப்பிட்டாள்.

"சார், அந்த ஆரஞ்சுக் கிருமி என்ன பண்ணுச்சுன்னு இப்பப் புரியுது. அது அவர் உடம்புல சும்மா குடியிருக்கலை. ஸ்ட்ரெப்பக் கொல்ற ஒண்ண அதுதான் சுரந்துட்டு இருந்திருக்கு. முதல் பையோட சௌம்யாவுக்குள்ள போயிருச்சு. அவ கிட்ட இன்னும் இருக்கு. அவருகிட்ட இல்ல."

"ஏன் இல்ல?" என்று கேட்டுவிட்டு வடிவேலனே நிறுத்தினார். அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கெட்ட கிருமி ஒண்ணையும் நம்ம மருந்து கொல்றதில்ல சார். அது கொன்னது இத ஒண்ணத்தான்."

"அவ்வளவு அழகா செத்துது மேடம்," என்றார் அவர். "எனக்குச் சந்தோஷம் தாங்கலை. வேற ஒண்ணும் தோணலை."

"எனக்குந்தான்."

தப்பைப் புரிந்துகொள்பவர் ஒருவர். அதற்கு விலை கொடுப்பவர் இன்னொருவர். டிரிப் ஊசி இருந்த இடத்தில் நல்லமுத்துவுக்கு வீங்கியது. கை சிவந்து, நீலச் சாயத்தையும் மீறி, தோள் வரை ஏறியது. மங்கை சாம்பிள் எடுத்துப் பார்த்தாள். ஸ்ட்ரெப். வார்டில் சுற்றிக்கொண்டிருந்தது, காவல் போன உடம்பைப் பார்த்து ஏறிக்கொண்டது. ஜுரம் கொதித்தது.

அவள் போய் நின்றபோது பாவாயி ஈரத்துணியால் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "கல்யாணமான நாள்ல இருந்து ஒரு தலைவலின்னு படுத்தவரில்லீங்க. என்னுங்க பண்ணுனீங்க?" அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அதுதான் மங்கைக்குத் தாங்கவில்லை.

நல்லமுத்து கண்ணைத் திறந்தார். "டாக்டரம்மா, அம்மிணி நல்லா இருக்குதுங்களா? கொழந்த?"

"நல்லா இருக்காங்கண்ணா."

"அப்பச் சரி," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

லேபில் இருந்த ஆரஞ்சுக் கிருமி எப்போதோ செத்துப்போயிருந்தது. ஒரே வழிதான் இருந்தது. மங்கை தேவகியிடம் போய்ச் சொன்னாள். சௌம்யாவிடம் ஒரு சின்னப் பை எடுத்து அவருக்கு ஏற்றினால் பிழைப்பார். அவர் கொடுத்ததை அவருக்கே திருப்பிக் கொடுக்கிற மாதிரிதான். தேவகி கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம், "முடியாதுங்க மேடம்," என்றாள்.

"தேவகி!"

"அவருக்கு நான் என்ன வேணாலும் பண்றேன். மலம் மூத்திரம் அள்ளச் சொல்லுங்க, அள்றேன். என் ரத்தம் பூரா உருவிக்கங்க. எம்புள்ளைய மட்டும் கேக்காதீங்க. அவளுக்கு ரத்தமே இல்ல, மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்கறா. இன்னிக்கு அவருக்கும்பீங்க. நாளைக்கு அந்தியூர்ல இருந்து ஒருத்தி வருவா. அப்பறம் சேலம், கோயமுத்தூரு. அவர எப்படி உக்கார வெச்சு எடுத்தோம்னு நானும் கூட நின்னு பாத்தவதானுங்க?"

தேவகி சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. மேலே கட்டிலில் கிடப்பவர் சாகக்கூடாது என்பதும் தப்பில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும்? ரொம்ப நேரம் யோசித்தாள். ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் ஊசியும் பையும் ஐஸ் பெட்டியுமாகக் காரை எடுத்துக்கொண்டு, மத்தியான வெயிலில் தேவகி வீட்டுக்கே போய்விட்டாள். தேவகிக்கு எப்படியோ தெரிந்து, ஆட்டோவில் பின்னாலேயே வந்து வாசலில் வழியை மறித்தாள்.

"மேடம், உங்க மேல வெச்சிருக்கற மரியாதையக் கெடுத்துக்காதீங்க. போயிருங்க."

சத்தம் கேட்டு சௌம்யா வெளியே வந்தாள். தோளில் குழந்தை. "என்னம்மா? ஆன்ட்டி, என்னாச்சு?"

மங்கை எல்லாவற்றையும் சொன்னாள். நல்லமுத்துவின் நிலைமை, தாங்கள் செய்த தப்பு, அவள் உடம்பில் இப்போது இருப்பது எது என்பது, கொடுத்தால் அவளுக்கு என்ன ஆகலாம், நாளைக்கு ஊரே வந்து கேட்கலாம் என்பது. எதையும் மறைக்கவில்லை. "உனக்கு இஷ்டமில்லைன்னா நான் போயிடறேன் கண்ணு. யோசிச்சுச் சொல்லு," என்று முடித்தாள்.

சௌம்யா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவருகிட்டயும் இப்படி எல்லாத்தையும் சொல்லிக் கேட்டீங்களா ஆன்ட்டி? டிரிப் போடறதுக்கு முன்னாடி?"

மங்கைக்கு முகம் சுட்டது. "இல்ல."

"அப்ப என்கிட்ட மட்டும் என்னத்துக்குக் கேட்டுட்டு நிக்கறீங்க? எடுங்க." குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "அம்மா, நீ சும்மா இரு."

தேவகி சுவரோடு சாய்ந்து அழ ஆரம்பித்தாள். மங்கை ரப்பர் குழாயைக் கட்டி நரம்பைத் தேடினாள். ரத்தம் கொடுக்க வருகிற யாரிடமும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. கை வேலையைப் பார்க்க, வாய் தன்பாட்டில் அதைக் கேட்டது.

"மாத்திரை எதாச்சும் போடறியா கண்ணு?"

"இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம். அப்பறம் அம்மா தர்ற மஞ்சள் மாத்திரை."

"என்ன மஞ்சள் மாத்திரை?"

சௌம்யா அம்மாவைப் பார்த்தாள். மங்கையும் திரும்பிப் பார்த்தாள். தேவகியின் அழுகை நின்றுபோயிருந்தது. வாய் திறந்தபடி இருந்தது.

"ரத்தத்துல கிருமி இருந்துச்சுன்னு பேசிக்கிட்டீங்களே மேடம்," என்றாள் மெதுவாக. "எம்புள்ளைக்கும் அது போயிருக்கும்ல? நீங்க மருந்து வேண்டாம்னுட்டீங்க. எனக்கு மனசு கேக்கலை. எதுக்கும் இருக்கட்டும்னு... கடையில ஜலதோஷத்துக்கு விக்கற மாத்திரைய வாங்கி... வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து குடுத்துட்டு இருக்கறேன்." அவளும் லேபில்தான் இருந்தாள், வில்லைகளைச் சுற்றி விழுந்த அந்த வட்டங்களை எல்லாரோடும் நின்று பார்த்திருந்தாள். சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

தொட்டிலில் குழந்தை சிணுங்கியது.

திடீரென்று தேவகி பாய்ந்து வந்து மகளின் கையைப் பிடித்து மங்கையின் பக்கம் தள்ளினாள். "எடுங்க மேடம்! எடுங்க! எவ்வளவு வேணுமோ எடுங்க. ஒண்ணு ரெண்டு மிச்சம் இருக்கும்ல? அத்தனையுமா செத்திருக்கும்? நீங்க எடுங்க மேடம், நான் புடிச்சுக்கறேன். அவரு கண்ணு முழிச்சா எம்புள்ளையத்தான் கேப்பாரு. நான் என்ன மூஞ்சிய வெச்சுட்டுப் போவேன்?"

அந்தக் கிருமி எவ்வளவு சுலபமாகச் சாகும் என்று மங்கைக்குத் தெரியும். இருந்தும் ஊசியைக் குத்தினாள். பைக்குள் ரத்தம் இறங்கத் தொடங்கியது. தேவகி இரண்டு கையாலும் மகளின் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, கண்ணிமைக்காமல் அதையே பார்த்தாள்.

சௌம்யா அம்மாவின் முகத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது போட்டா அவருக்குச் சரியாயிடும்ல ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"ஆயிடும் கண்ணு," என்றாள் மங்கை. அது பொய்யா, ஆசையா என்று அவளுக்கே தெரியவில்லை.